ஒப்பந்தம் எந்த ஆண்டில் முடிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டச் செய்திகள் இடம்பெறுவதை மகிழ்ச்சியுடன் வாசித்துவருகிறேன். அவற்றுள் ஒரு வகைச் செய்தி மட்டும், அதாவது ஒரு கழகம் தன் வீரரைக் கொடுத்து வேறொரு கழகத்தின் வீரரைப் பெற்றுக்கொண்ட செய்தி, யார் போனார், யார் வந்தார் என்ற இரண்டு வரிகளோடு நின்றுவிடுகிறது. அந்த இரண்டு வரிகளை வைத்துக்கொண்டு திருகோணமலையில் நடக்கும் வாதங்களைக் கேட்டுக் கேட்டே இக்கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். உவர்மலையிலிருந்து காலை நடைக்கு இறங்கித் திரும்பும் வழியில் தேநீர் குடிக்கும் கடையில், கூடைப்பந்து விளையாடும் பிள்ளைகளும், விளையாடி விட்டுவிட்டு இப்போது அலுவலகங்களுக்குப் போகும் பெரிய பிள்ளைகளும் கூடுவார்கள். ரொறன்ரோவில் இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் அங்கே குளிர்காலமாக இருக்கையில் நமக்குக் காலை ஆறு மணி ஆட்டமாகும். எனவே கைபேசியில் அதைப் பார்த்த சூடு ஆறுமுன்பே வாதம் தொடங்கிவிடும். ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் ஒரு பெரியம்மாவோ மாமாவோ இல்லாத குடும்பத்தை இவ்வூரில் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், அந்நகரின் ராப்டர்ஸ் அணி இவர்களுக்கு வெளிநாட்டு அணியே அல்ல. "எங்கட ரீம்" என்றுதான் பேச்சு. கூடைப்பந்தாட்டமும் இக்கரைக்கு அந்நியமானதல்ல. நியூ ஒர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவிகள் கிழக்கின் பாடசாலைகளில் ஊன்றிவிட்டுப் போன ஆட்டம் இது. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் அதை வளர்த்து, 1990 ஓகஸ்டில் காணாமற்போன ஹேபேர்ட் அடிகளாரை என் வயதினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கடையில் இரண்டு கட்சிகள் உண்டு. இருப்பவர்களில் மூவரைச் சேர்த்துக் கொடுத்தாவது ஒரு பெரிய நட்சத்திரத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது ஒரு கட்சி. வளர்த்த பிள்ளைகளை விற்கக் கூடாது, பொறுத்திருக்க வேண்டும் என்பது மற்றது. இரண்டுமே வீரரின் திறமையை நிறுத்துப் பார்க்கின்றனவேயன்றி, அவருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டில் முடிகிறது என்று எவரும் கேட்பதில்லை. என் பார்வையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ரொறன்ரோவின் கடந்த சில ஆண்டுகளின் வரலாறே அதற்குச் சான்று.

முதற்கட்சியினர் எப்போதும் எடுத்துக்காட்டுவது 2018 ஜூலையில் நடந்த பரிமாற்றத்தை. ஒன்பது பருவகாலம் ஆடி, கழக வரலாற்றிலேயே அதிக புள்ளிகளைக் குவித்திருந்த டெமார் டெரோசனையும், யாக்கோப் பேர்ட்டிலையும், ஒரு முதற்சுற்றுத் தெரிவுரிமையையும் (ஆண்டுதோறும் புதிய இளம் வீரர்களைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிவுசெய்யும்போது முதற்சுற்றில் ஒருவரைப் பெறும் உரிமை) சான் அன்ரோனியோவுக்குக் கொடுத்து, கவாய் லெனார்டையும் டானி கிரீனையும் ரொறன்ரோ பெற்றது. மறு ஆண்டே கிண்ணம் வந்தது. பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் லெனார்ட் எறிந்த கடைசிப் பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்ததை இக்கடையில் எத்தனை முறை நடித்துக் காட்டியிருப்பார்கள் என்று கணக்கில்லை. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட்டை 114க்கு 110 என்று வென்றது நமக்கு 2019 ஜூன் 14 வெள்ளிக்கிழமை காலை. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின் ஊரே வாய்திறந்து பேசாதிருந்த அந்த வாரங்களில் இந்தப் பிள்ளைகள் வீதியில் கத்திக்கொண்டு ஓடியதை நான் தடுக்கவில்லை.

ஆனால், நட்சத்திரத்தை வாங்கினால் கிண்ணம் வரும் என்பதை அந்தப் பரிமாற்றம் மெய்ப்பிக்கவில்லை. முந்திய பருவகாலத்தில் 59 ஆட்டங்களை வென்ற அணி அது. மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லாந்திடம் தோற்று, இதற்குமேல் இந்த ஆட்களோடு போக முடியாது என்று அறிந்த பின்னர், எல்லாம் இருந்தும் ஓர் ஓட்டை மட்டும் இருந்த இடத்தில் ஓர் ஆளைப் பொருத்தினார்கள். லெனார்ட் விரும்பினால் ஓராண்டில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்பது தெரிந்தே அதைச் செய்தார்கள். அவரும் ஓராண்டு முடிந்ததும் 2019 ஜூலையில் லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். ரொறன்ரோவுக்குப் பதிலாக ஒன்றும் கிடைக்கவில்லை, கிண்ணத்தைத் தவிர. அந்த ஒரு முறை அந்த விலை தகும். 30 ஆட்டங்களை மட்டும் வென்ற அணி, 2024-25இல் ரொறன்ரோ வென்ற அளவு அதுதான், அதே வேலையைச் செய்திருந்தால் அடுத்த ஆண்டே வீட்டையும் இழந்து வாசலையும் இழந்து நின்றிருக்கும்.

இரண்டாம் கட்சியினரின் வாதம் பாஸ்கல் சியாக்கத்தைப் பற்றியது. 2024 ஜனவரியில் அவரை இந்தியானாவுக்குக் கொடுத்தார்கள். 2025இல் அவர் கிழக்குப் பிராந்திய இறுதித் தொடரின் சிறந்த வீரராகத் தெரிவாகி, இந்தியானாவை இறுதித் தொடர்வரை கொண்டுபோனார். "பார்த்தீர்களா சேர், வைத்திருந்திருக்கலாம்" என்று ஒரு தம்பி என்னிடம் ஏறத்தாழ அழுகுரலில் கேட்டான். வைத்திருந்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. சியாக்கத்தின் ஒப்பந்தம் 2024 கோடையில் முடிவதாக இருந்தது. அதற்கு முந்திய கோடையில், 2023இல், பிரெட் வான்விலீட் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு ஹியூஸ்டனுக்குப் போனபோது ரொறன்ரோ கையில் ஒரு சல்லியும் மிஞ்சவில்லை. உரிய காலத்தில் கொடுக்காமல் இருந்ததன் விலை அது. சூடுபட்ட கழகம் ஏழு மாதத்துக்குள் ஓ.ஜி. அனுனோபியை நியூயோர்க்குக்கும் சியாக்கத்தை இந்தியானாவுக்கும் கொடுத்ததில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

கொடுத்துப் பெற்றது என்ன என்பதையும் ஒருவரும் கடைசிவரை பின்தொடர்வதில்லை. அனுனோபிக்குப் பதிலாக வந்த ஆர்.ஜே. பரட்டும் இமானுவல் குயிக்லியும் கண்முன்னே ஆடுகிறார்கள் என்பதால் அந்தக் கணக்கு எளிது. சியாக்கத்தின் கணக்குத்தான் சுற்றிச் சுற்றிப் போகிறது. அவருக்காக புரூஸ் பிரவுனும் வேறு இருவரும் மூன்று முதற்சுற்றுத் தெரிவுரிமைகளும் வந்தன. அவற்றில் ஒன்றைக் கொண்டு 2024இல் பத்தொன்பதாவது இடத்தில் ஜகோபி வோல்டர் என்ற இளைஞரைத் தெரிவுசெய்தார்கள். இன்னொன்றை யூட்டாவுக்குக் கொடுத்து கெலி ஒலினிக்கையும் ஒச்சாய் அக்பாஜியையும் பெற்றார்கள். 2025 பெப்ரவரியில் புரூஸ் பிரவுனையும், ஒலினிக்கையும், இந்தியானாவின் மூன்றாவது தெரிவுரிமையையும், ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவுரிமையையும் நியூ ஒர்லியன்ஸுக்கு அனுப்பி பிராண்டன் இங்ரமைக் கொண்டுவந்தார்கள். ஆகவே சியாக்கத்தையும் பிரவுனையும் தராசில் வைத்துப் பார்ப்பது பிழை; தராசின் மறுதட்டில் இங்ரமும் வோல்டரும் அக்பாஜியும் இருக்கிறார்கள். அப்படி வைத்த பிறகும் சியாக்கத்தின் பக்கமே தாழ்கிறது என்று ஒருவர் சொன்னால் அதனோடு நான் சண்டைபிடிக்க மாட்டேன்.

கழகம் எப்போதும் கெட்டித்தனமாகவே நடந்தது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2018இல் டெரோசனோடு சேர்த்துக் கொடுத்த அதே பேர்ட்டிலை 2023 பெப்ரவரியில் மீண்டும் வாங்கினார்கள். கொடுத்தவற்றுள் இருந்த முதற்சுற்றுத் தெரிவுரிமை மறு ஆண்டு எட்டாவது இடமாக விழுந்து சான் அன்ரோனியோவுக்குப் போனது. விற்ற மாட்டையே கன்றின் விலையையும் சேர்த்துக் கொடுத்து வாங்கிய கதை.

இனி, 2025-26 பருவகாலத்தில் கடையில் மிகுதியாக அடிபட்ட யோசனைக்கு வருகிறேன். குயிக்லியையும் பரட்டையும் தெரிவுரிமைகளையும் கொடுத்து மில்வாக்கியின் யானிஸ் அன்ரெற்றோகும்போவைக் கொண்டுவர வேண்டும் என்பது அது. என்.பி.ஏ.யில் ஒரு கழகம் தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு எல்லைக்கோடு உண்டு. 2025-26 பருவகாலத்துக்கு அது ஏறத்தாழ 154.6 மில்லியன் டொலர். ரொறன்ரோவில் பார்ன்ஸ், இங்ரம், குயிக்லி, பரட், பேர்ட்டில் ஆகிய ஐவரின் சம்பளமே அந்தக் கோட்டை மீறிவிட்டது. கோட்டைத் தாண்டிய கழகம் வெறும் கையோடு போய்ப் பெரிய சம்பள வீரர் எவரையும் வாங்க முடியாது. வருகிறவரின் சம்பளத்துக்கு ஈடான சம்பளம் வெளியே போக வேண்டும். குயிக்லியினதும் பரட்டினதும் சம்பளங்கள் சேர்ந்து ஏறத்தாழ 60 மில்லியன், யானிஸினுடையது 54 மில்லியன் என்பதால் அந்தளவில் யோசனை பொருந்துகிறது. தம்பிகளின் கணக்கைப் பாராட்டவும் செய்தேன். அதன் பின்னர்தான் தலையிடி. பார்ன்ஸ், இங்ரம், யானிஸ் ஆகிய மூவருக்கும் மட்டும் 130 மில்லியன் டொலருக்கு மேல் போய்விடும். சம்பளம் மிகக் கூடிய கழகம் கட்ட வேண்டிய ஆடம்பர வரி தொடங்கும் கோடு 187.9 மில்லியன் என்பதால், மிஞ்சிய ஐம்பத்தேழு மில்லியனுக்குள் ஏறத்தாழ பன்னிரண்டு பேரை வைத்திருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பேர்ட்டிலுக்கே போகும். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் ஆள் யார் என்று கேட்டேன். குயிக்லி என்றான் ஒருவன். குயிக்லியைத்தானே தம்பி கொடுத்துவிட்டீர்கள்?

தெரிவுரிமைகளையும் விரும்பியபடி அள்ளிக் கொடுத்துவிட முடியாது. வரப்போகும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முதற்சுற்றுத் தெரிவுரிமைகளைச் சேர்த்துக் கொடுக்க விதி இடமளிப்பதில்லை. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளராயிருந்த டெட் ஸ்டெப்பியன் தெரிவுரிமைகளைக் கண்டபடி கொடுத்து அணியைச் சீரழித்ததால் வந்த விதி அது. நம்மூர்க் கழகங்களுக்கும் இப்படியொரு விதி இருந்தால் நல்லதென்று சில வேளை எண்ணுவேன். வெளியூரிலிருந்து இரண்டு ஆட்டக்காரரை ஒரு சுற்றுப்போட்டிக்கு மட்டும் இறக்கி, ஆண்டு முழுவதும் பயிற்சிக்கு வந்த சொந்தப் பிள்ளைகளை வாங்கில் இருத்திய அணியொன்றை நான் பார்த்திருக்கிறேன். அவ்வாண்டு கேடயம் வந்தது. மறு ஆண்டு பயிற்சிக்கு ஆள் வரவில்லை.

இவ்வளவும் சொன்னதால் ரசிகர்களுக்கு ஒன்றும் தெரியாது, கழக முகாமையாளர்களுக்கே எல்லாம் தெரியும் என்று கொள்ளலாகாது. 2025 பெப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொரு மணி அளவில், டலஸ் கழகம் லூக்கா டொன்சிச்சை லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்ட செய்தி வந்தபோது, அது பொய்ச் செய்தி என்றே கடையில் எல்லாரும் சொன்னார்கள். முந்திய ஆண்டுதான் அணியை இறுதித் தொடருக்குக் கொண்டுபோன இருபத்தைந்து வயது வீரர் அவர். பதிலாக டலஸ் பெற்றவை அன்ரனி டேவிஸ், மக்ஸ் கிறிஸ்டி, ஒரேயொரு முதற்சுற்றுத் தெரிவுரிமை. வேறு கழகங்களிடம் விலை கேட்டுப் பார்க்காமல் ஒரே வாசலில் நின்று முடித்த வியாபாரம் அது. டலஸ் ரசிகர்கள் அரங்கின் வாசலில் நின்று எதிர்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் டலஸின் முகாமையாளர் பதவி நீக்கப்பட்டார். நம்முடைய கடையின் தீர்ப்பும் அன்று ரசிகர் பக்கமே இருந்தது. அது சரியாகவும் இருந்தது.

காத்திருந்து வென்றவர்களையும் ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். லெனார்டைத் தம்மோடு சேர்ப்பதற்காக 2019 ஜூலையில் கிளிப்பர்ஸ் போல் ஜோர்ஜையும் வாங்கியது. அவருக்காக ஒக்லஹோமா சிற்றிக்கு ஐந்து முதற்சுற்றுத் தெரிவுரிமைகளோடு ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் என்ற இளைஞரையும் கொடுத்தது. ரொறன்ரோவில் பிறந்து ஹமில்ரனில் வளர்ந்த அந்தப் பிள்ளை 2025இல் ஒக்லஹோமாவுக்குக் கிண்ணம் வென்று கொடுத்தார். கொடுத்தவர்கள் அன்றைய பெயரைப் பார்த்தார்கள். பெற்றவர்கள் ஆறு ஆண்டு கழித்து யார் எத்தனை வயதில் இருப்பார் என்று பார்த்தார்கள்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. வீரர் பரிமாற்றச் செய்தியை வெளியிடும்போது, ஒவ்வொரு வீரரின் பெயருக்குப் பக்கத்திலும் அவருடைய வயதையும், அவ்வாண்டுச் சம்பளத்தையும், ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் சேர்த்து அச்சிடுங்கள். தெரிவுரிமை கைமாறினால் அது எந்த ஆண்டுக்குரியது, எந்தக் கழகத்தினுடையது என்பதையும் குறிப்பிடுங்கள். பெப்ரவரியில் பரிமாற்றங்களுக்கான கடைசி நேரம் நியூயோர்க்கில் வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி, நமக்கு வெள்ளி அதிகாலை ஒன்றரை மணி. அன்றைய பத்திரிகை அதற்குள் அச்சுக்குப் போயிருக்கும் என்பது தெரியும். அரைகுறையாக வெள்ளிக்கிழமை தருவதைவிட, சனிக்கிழமை முழுப் பட்டியலாகத் தந்தால் போதும். கடையில் அன்று காலை பத்திரிகையை நானே வாங்கி வைப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.