உன் சர்வரைப் படுக்கவைத்தவன் எழுதுவது

கும்பகோணம்,
ஆடி முதல் வாரம்.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. "அன்றிரவு என் சர்வரின் குரல்வளையைப் பிடித்தது நீதானே?" என்று கேட்டிருக்கிறாய். நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் இருபது வருடமாக நிரல் எழுதிப் பிழைப்பவன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் நீயே சிரிப்பாய்.

தாராசுரம் கோயிலுக்காக ஒரு ஏ.ஆர். (நிஜக் காட்சியின் மேல் கணினித் தகவலைப் பூசும்) செயலி செய்கிறேன் என்று போன முறை எழுதியிருந்தேன் அல்லவா? கைப்பேசியைச் சிற்பத்துக்கு நேராகப் பிடித்தால், கேமரா காட்டும் காட்சியின் மேலேயே பெயரும் கதையும் வந்து நிற்க வேண்டும். சிற்பத்தை அடையாளம் கண்டதும் உன் சர்வரிடம் குறிப்பைக் கேட்கும்படி எழுதியிருந்தேன். கேட்கும் வரியை வைத்த இடம்தான் கோளாறு. சிற்பம் முதன்முதலில் தென்படும்போது ஒருமுறை மட்டும் ஓடும் இடத்தில் வைக்காமல், அது கண்ணில் இருக்கும்வரை ஒவ்வொரு பிரேமுக்கும் ஓடும் இடத்தில் வைத்துவிட்டேன். பிரேம் என்றால் திரை புதிதாக வரையும் ஒவ்வொரு படமும்; நொடிக்கு 60 பிரேம். ஒருவர் ஒரு தூணை அரை நிமிடம் ரசித்தால் 1,800 கோரிக்கைகள். அன்று ஆறு பேர் ரசித்தோம்.

உன் சர்வர் நல்ல பிள்ளை. "போதும், நிறுத்து" என்று பொருள்படும் 429 என்ற எண்ணைக் காட்டியது. என் நிரலோ, பதில் கிடைக்கவில்லை என்றால் உடனே மறுபடி கேள் என்று வளர்க்கப்பட்டது. பந்தி முடிந்தது என்று சொல்லச் சொல்ல இலையை நீட்டிக்கொண்டே இருந்தது. இப்போது ஒரு சிற்பத்துக்கு ஒரு கோரிக்கைதான். தோற்றால் ஒரு நொடி, அடுத்து இரண்டு, அடுத்து நான்கு என்று பொறுத்துக் கேட்கும்; அதற்குமேல் கேட்காது.

அதைத் திருத்தி எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். உடன் வந்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அந்த முன் மண்டபத்தை நீ மறந்திருக்க மாட்டாய். கல்லூரி நாட்களில் மழைக்கு ஒதுங்கிய இடம். இரண்டாம் இராசராசன் காலத்துக் கருங்கல். எட்டு நூற்றாண்டு மழையையே உள்ளே விடாத கல், கைப்பேசி அலையை விட்டுவிடுமா? வெளிப் பிராகாரத்தில் நான்கு கோடு காட்டிய கைப்பேசி, தூண்களுக்கு நடுவே ஒரு கோட்டுக்கும் வழியில்லாமல் நின்றது. திரையில் காத்திருப்பு வட்டம் சுற்றத் தொடங்கியது, நிற்கவே இல்லை. ஆசிரியர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது என்ன, பிரதட்சிணம் செய்கிறதா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து தேடினால் காரணம் ஒரு பூச்சியம். நான் செயலி கட்டும் கருவியான யூனிட்டியில், சர்வரிடம் கேட்கும் வேலையைச் செய்யும் யூனிட்டிவெப்ரிக்வெஸ்ட்டில் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று நாம் குறிக்காவிட்டால் அங்கே 0 இருக்கும். பூச்சியம் என்றால் காத்திருக்கவே வேண்டாம் என்றுதானே எவரும் நினைப்போம்? அங்கே அதற்குப் பொருள், கெடுவே இல்லை என்பது. எட்டு நொடி என்று வைத்தேன். மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு எட்டு நொடி ஒன்றுமில்லை. கையை உயர்த்திக் கைப்பேசியைத் தூணுக்கு நேரே பிடித்திருப்பவருக்கு அது நீண்ட நேரம். அவர் வயது எழுபது என்றால் இன்னும் நீண்டது.

இன்னொரு பிழை இதைவிட நுணுக்கமானது. உனக்குப் பிடிக்கும். கை நடுங்கி, சிற்பம் ஒரு கணம் கேமராவின் பார்வையிலிருந்து விலகினால், நிரலில் அதனோடு கட்டியிருந்த பொருளை நான் அணைத்து வைப்பேன். அந்தப் பொருளின் மேல்தான் பதிலுக்குக் காத்திருக்கும் கோரூட்டீனும், அதாவது இடையில் நின்று நின்று தொடரும் நிரல் துண்டும், ஓடிக்கொண்டிருந்தது. பொருளை அணைத்தால் கோரூட்டீனும் நின்றுவிடும். மறுபடி ஏற்றினாலும் விட்ட இடத்திலிருந்து தொடராது. பதில் வந்து வாசலில் நிற்கும், வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இருக்காது. இப்போது கேட்பதும் வாங்குவதும் எப்போதும் விழித்திருக்கும் தனிப் பொருளின் வேலை. சிற்பத்தோடு கட்டிய பொருளுக்குக் காட்டுவது மட்டுமே வேலை.

ஒன்று கேட்டிருந்தாய்: "இவ்வளவு பாடு எதற்கு? நீ காட்ட நினைப்பதை நான் வலைப்பக்கமாக எழுதித் தருகிறேன். அதை அப்படியே சிற்பத்தின் பக்கத்தில் ஒட்டிவிடு." ஒட்டிப் பார்க்காமல் இருப்பேனா? உன்னைவிட எனக்குத்தான் அந்த ஆசை அதிகம். காரணம் தமிழ்.

நான் முப்பரிமாணத்தில் எழுத்து காட்டப் பயன்படுத்திய கருவிக்கு நம் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. வந்த வரிசையிலேயே குறிகளை அடுக்கிவைக்கும். 'பெரிய' என்று எழுதினால் ஒற்றைக் கொம்பு 'ப'வுக்கு முன்னால் போகாமல் பின்னால் நின்று 'ரி'யின் தலையில் ஏறிக்கொள்ளும். ஆசிரியரிடம் முதல் பதிப்பைக் காட்டிய அன்று அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அறுபத்து மூவரின் கதைகளைச் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கி, அவற்றுக்குப் பெயரும் பொறித்து வைத்த கோயில் அது. அங்கே போய்ப் பிழையான தமிழைக் காற்றில் தொங்கவிட்டால் அவர் பொறுப்பாரா?

வலைப்பக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. உலாவிக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். ஆகவே செயலிக்குள் வெப்வியூவை, அதாவது வலைப்பக்கம் காட்டும் சிறு உலாவியை, வைத்தேன். அங்கேதான் அடுத்த சிக்கல். வெப்வியூ என்பது கைப்பேசி இயங்குதளத்தின் சொத்து; நம் காட்சிக்கு மேல் ஒட்டிய தட்டையான கண்ணாடித் தாள். சிற்பத்தின் பக்கத்தில் நிற்காது, நீ நகர்ந்தால் கூடவே சாயாது. நிற்கவைக்க வேண்டுமானால் பக்கத்தைப் படமாக எடுத்து எடுத்து முப்பரிமாணப் பலகை ஒன்றில் ஓயாமல் பூச வேண்டும். பலகையில் விரல் பட்ட இடத்தைப் பக்கத்தின் எந்த இடம் என்று கணக்குப் போட்டு மாற்றவும் வேண்டும். அதையும் செய்தேன். கைப்பேசி தோசைக்கல்லாகச் சுட்டது. உன் வலைப்பக்கத்தில் நீ வைத்திருந்த ஒரு புகைப்படம் 4,000க்கு 3,000 புள்ளி. கோப்பாக அது சிறியதுதான். விரித்தால் புள்ளிக்கு நான்கு பைட் வீதம் 48 எம்.பி. அது ஏறும் கணத்தில் கேமரா காட்சியே திக்கியது. சாதாரணச் செயலியில் திக்கினால் எரிச்சலோடு போகும். ஏ.ஆரில், கண் முன்னால் இருக்கும் உலகமே திக்குகிறது, தலை சுற்றும்.

இத்தனையும் சரியாக ஓடிய ஒரு நாளில் ஆசிரியர், சாய்ந்து நின்ற பலகையில் பொடி எழுத்தை ஒரு பத்தி படித்துவிட்டுக் கையை இறக்கினார். "நான் கல்லைப் பார்க்க வந்தேனா, அறிவிப்புப் பலகை படிக்க வந்தேனா?" அதற்குமேல் அந்த வழியில் போக எனக்கு மனமில்லை.

வெப்வியூ விஷயத்தில் உன் ஒரு யோசனையை மட்டும் கேட்க மாட்டேன். வலைப்பக்கத்துக்குள்ளிருந்து செயலியை இயக்க ஜாவாஸ்கிரிப்ட் பாலம் (பக்கத்தின் நிரல் செயலிக்குக் கட்டளையிடும் வழி) வேண்டும், வெளித்தளங்களின் இணைப்புகளும் இருக்கட்டும் என்றாய். இரண்டும் ஒன்றாக வேண்டாம். பாலம் திறந்திருக்கும்போது எவனோ எழுதிய பக்கம் உள்ளே வந்தால், கேமரா அனுமதி பெற்ற செயலியின் கதவு அவன் கையில். நம் பக்கம் மட்டும் உள்ளே. மற்ற இணைப்புகள் வெளியே உலாவியில் திறக்கட்டும். கேமராப் படம் எதுவும் உன் சர்வருக்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடையாளம் காண்பது முழுக்கக் கைப்பேசிக்குள்ளேயே நடக்கிறது. இதற்கு நான் பயன்படுத்தும் கூகுளின் ஏ.ஆர்.கோர் ஒரு தொகுப்பில் 1,000 மாதிரிப் படம் வரை ஏற்கும். காலை நிழல், உச்சி வெயில், மாலை நிழல் என்று சிற்பத்துக்கு மூன்று படம் எடுத்தும் எனக்கு இடம் மீதி.

கடைசியில் வழி காட்டியது உன் தொழிலும் இல்லை, என் தொழிலும் இல்லை. அக்காவைப் பார்க்கத் தலைஞாயிறு போயிருந்தேன். அத்தான் நிலம் கடைமடை. மேட்டூரைத் திறக்க ஜூன் 12 என்று ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். ஆனால் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து அவர் வயலுக்கு வரும் நாளை எவரும் குறித்துக் கொடுப்பதில்லை. வருகிறபோது குளத்தில் வாங்கிக்கொள்வார். "பயிர் வாடும்போது ஆற்றைப் பார்த்து நிற்கிறவன் விவசாயி இல்லை" என்றார், சாதாரணமாக, வெற்றிலையை மடித்தபடி. நான் மண்டபத்துக்குள் நின்றுகொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

ஆகவே முறையை மாற்றிவிட்டேன். செயலியை முதல்முறை திறக்கும்போதே, அதாவது விடுதியிலோ வீட்டிலோ, எல்லாக் குறிப்புகளும் ஒரே பொதியாக இறங்கிவிடும். மொத்தம் 18 எம்.பி. பெயர்களைக் கணினியில் உலாவியைக் கொண்டே வரைந்து சிறு படங்களாக்கிப் பொதியில் வைத்திருக்கிறேன். கொம்பு அதனதன் இடத்தில் நிற்கிறது. சிற்பத்தின் பக்கத்தில் மிதப்பது நான்கு சொல்லுக்கு மேல் இல்லை. தொட்டால் முழுக்கதையும் திரையின் கீழ்ப்பாதியில் எழும். அது உன் வலைப்பக்கம்தான், ஆனால் கைப்பேசியிலேயே இருக்கும் பிரதி. மேல்பாதியில் கேமரா தொடர்ந்து ஓடுவதால் இடம் பிசகுவதில்லை. கையைத் தாழ்த்திக்கொண்டும் படிக்கலாம்.

போன வியாழன் ஆசிரியரை மறுபடி அழைத்துப் போனேன். மண்டபத்துக்குள் நுழையும் முன் விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டேன், அவருக்குச் சொல்லவில்லை. ரிஷப குஞ்சரத்தின் முன்னால் நின்றார். ஒரே தலை, இந்தப் பக்க உடலை மறைத்தால் யானை, அந்தப் பக்க உடலை மறைத்தால் காளை. வழிகாட்டிகள் உள்ளங்கையால் மறைத்துக் காட்டுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? திரையில் அந்த மறைப்பை விரலால் தள்ளும்படி செய்திருக்கிறேன். ஆசிரியர் தள்ளினார், திருப்பித் தள்ளினார், பிறகு கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் கையாலேயே மறைத்துப் பார்க்கத் தொடங்கினார். கதைப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. உனக்கு வருத்தமாக இருந்தால் மன்னித்துக்கொள், எனக்கு இல்லை.

உன்னால் ஆக வேண்டியவை இரண்டு. பொதிக்கு ஈடேக், அதாவது பதிப்பைக் காட்டும் அடையாளம், வைத்துவிடு. செயலி தன்னிடம் உள்ள அடையாளத்தைக் காட்டி "மாறியிருக்கிறதா?" என்று கேட்கும், மாறாவிட்டால் நீ 304 (மாறவில்லை) என்று மட்டும் சொல், 18 எம்.பி.யை மறுபடி அனுப்பாதே. அடுத்தது, சோதனை முகவரி இன்னும் வெறும் எச்.டி.டி.பி.யில், மறையாக்கம் இல்லாத வழியில், இருக்கிறது. ஐ.ஓ.எஸ். 9 முதலும் ஆண்ட்ராய்டு 9 முதலும் அப்படிப்பட்ட முகவரியைச் செயலிகளுக்கு இயல்பாகவே தடுத்துவிடுவார்கள். விதிவிலக்கு எழுதித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சான்றிதழ் போட இலவச வழி இருக்கும்போது இது சோம்பல்தான், உன் சோம்பல்.

ஆடிப்பெருக்குக்கு வருகிறேன் என்று மூன்று வருடமாகச் சொல்கிறாய். அரசலாற்றில் தண்ணீர் போகிறது. வீட்டில் தங்கையையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அதற்கு மட்டும் உடனே பதில் போடு, எட்டு நொடிக்குமேல் காத்திருக்க மாட்டேன்.

உன்,
பழைய அறைத்தோழன்.