மௌன மடத்துக்குத் தலைவர் எதற்கு? மருமகனுக்கு ஒரு கடிதம்

டர்பன்

அன்புள்ள மருமகனுக்கு,

சென்ற ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, பேசாமல் இருப்பதற்கென்றே கூடியிருக்கும் துறவிகளுக்கு ஒரு தலைவர் எதற்கு என்று கேட்டாய். மாமி சிரித்துவிட்டாள், எனக்கோ அன்று விடை வரவில்லை. அந்த வாழ்வில் சேர நீ எண்ணியிருப்பதால், பைன்டவுன் அருகே நாம் பலமுறை போய்வந்த மரியன்ஹில் மடத்தைத் தொடங்கிய ஃபிரான்ஸ் ஃபானரைப் பற்றி எழுதுகிறேன். உன்னைப்போல் எண்ணுகிறவர்கள் வேறு சிலரும் இருக்கலாம் என்பதால் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். அந்த மடத்தைத் தொடங்கிய டிராப்பிஸ்ட் என்னும் கத்தோலிக்கத் துறவுச் சபையினர் மௌனத்துக்கென்று வார்த்தைப்பாடு (இறைவனுக்குக் கொடுக்கும் உறுதிமொழி) கொடுப்பதில்லை. அது அவர்களுடைய ஒழுங்கு. சேர்ந்த மடத்தில் நிலைத்திருக்கவும், மனந்திரும்பிய வாழ்வில் வளரவும், மடாதிபதிக்குக் கீழ்ப்படியவுமே அவர்கள் வார்த்தைப்பாடு கொடுக்கிறார்கள். அவர்கள் பின்பற்றும் புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூல் மடாதிபதியைக் கிறிஸ்துவின் இடத்தில் வைக்கிறது. அதே மூச்சில், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் ஆன்மாவுக்கும் அவர் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று அச்சுறுத்தவும் செய்கிறது.

1825-இல் ஆஸ்திரியாவில் பிறந்த ஃபானர், போஸ்னியாவில் 1869-இல் ஒரு மடத்தை நிறுவியவர். 1879-இல் சபையின் பொதுப்பேரவையில், தென்னாப்பிரிக்காவுக்குத் துறவிகள் வேண்டுமென்று ஆயர் ரிக்கர்ட்ஸ் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாரும் போகாவிட்டால் நான் போகிறேன் என்று எழுந்தவர் இவர்தான். அப்போது வயது 54. தென்னாப்பிரிக்காவில் டன்பிராடி என்ற இடத்தின் வறண்ட மண்ணில் இரண்டாண்டு போராடித் தோற்று, 1882 இறுதியில் நம் நட்டால் பகுதிக்கு வந்து மரியன்ஹில்லைத் தொடங்கினார். நம் முன்னோர் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் முதுகு வளைந்த காலம் அது. 1885-இல் அந்த மடத்தின் முதல் மடாதிபதியானார். சில ஆண்டுகளில் மரியன்ஹில் உலகிலேயே பெரிய டிராப்பிஸ்ட் மடமாக வளர்ந்தது.

சிக்கலும் அங்கேதான் முளைத்தது. அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து திருப்பாடல் பாடி, பகலெல்லாம் உழைத்து, வேண்டியதைக் கைச்சைகையால் தெரிவிக்கும் துறவி, சூலு இனப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் தொலைவிலுள்ள கிளை நிலையங்களைக் கவனிக்கவும் புறப்பட்டால், ஒழுங்கு எப்படி நிற்கும்? ஃபானர் தளர்த்தினார், சபை 1892-இல் அவரைப் பணியிலிருந்து விலக்கி வைத்தது, மறு ஆண்டு அவரே பதவியைத் துறந்தார். சபை கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் ஆப்பிரிக்காவுக்குத் துறவிகளை அனுப்பிவிட்டு ஐரோப்பிய மடத்தின் நேர அட்டவணையை எதிர்பார்த்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

1895-இல் மரியன்ஹில்லுக்குச் சென்ற காந்தி, அங்கே கண்ட மௌனத்தையும் உழைப்பையும் மரக்கறி உணவையும் வியந்து லண்டன் சைவ உணவு இதழுக்கு எழுதினார். அந்த இல்லத்தை எழுப்பியவரோ அப்போது அங்கே தலைவராக இல்லை. எம்மாவுஸ் என்ற சிறு நிலையத்தில், தலைமைப் பதவி ஏதுமின்றி, 1909 மே 24-இல் இறக்கும்வரை வாழ்ந்தார். கட்டளையிட்டுப் பழகியவர் கீழ்ப்படிந்து கழித்த அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலான காலத்தில்தான் உன் கேள்விக்கு விடை இருப்பதாக நினைக்கிறேன்.

அவர் இறந்த அதே ஆண்டில் மரியன்ஹில் டிராப்பிஸ்ட் சபையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மறைப்பணிச் சபையானது. ஆகவே நீ தேடும் வாழ்வு இன்று அங்கே கிடைக்காது. வேறு மடம்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும் விண்ணப்பம் எழுதுவதற்கு முன் மரியன்ஹில்லில் அவர் கல்லறைக்கு ஒருமுறை போய்வருவோம். சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடு. மாமி கட்டுச்சோறு தருவதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
மாமா