வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவிக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நடக்கும் பாட்டையும் செயல்திட்டத்தையும் நிறுத்திவிட்டு, ஆங்கில வாசிப்புப் பயிற்சி கொடுப்பது என்று எழுதினார்கள். 24 பேர் குழுவில் அன்று வந்திருந்த 15 பேரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன். முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்தவள்தான், ஆனாலும் எனக்குக் குரல் வருவது பிள்ளைகள் முன்னால் மட்டும்தான்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. காலை ஏழே முக்காலுக்கு மஞ்சள் வேன் வந்து ஆலமரத்தடியில் நிற்கிறது. டை கட்டிய பிள்ளைகள் ஏறுகிறார்கள். நம் பள்ளியில் 43 பேர்தான். அடுத்த வருஷம் எத்தனை பேர் வேனுக்குப் போவார்களோ என்று நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள். அரசுப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே என் மகனைத் தனியார் பள்ளியில் சேர்த்தவள் நான். அதனால் உங்களுக்கு உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. இந்த ஒன்றரை வருஷமாக அந்தப் பாடவேளையில் கூடவே உட்கார்ந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம், உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். படிக்கச் சொன்னால் மின்விசிறியைப் பார்ப்பான். படு, பட்டு, பாடு, பாட்டு என்று நான்கு சொல் சொல்லி எழுதச் சொன்னால் நான்கும் ஒன்றுபோலவே வரும். காலும் போடமாட்டான், புள்ளியும் வைக்கமாட்டான். சோம்பேறி என்று நானும் ஒரு நாள் திட்டியிருக்கிறேன். பிறகுதான் உறைத்தது, அவன் கைக்கு ஒன்றும் இல்லை, காதுக்குத்தான் வித்தியாசம் எட்டவில்லை.

நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். யோசித்துப் பார்த்தால் இது தாளக் கணக்குத்தான். தொடையில் தட்டிக்கொண்டே சொல்ல வைத்தேன். ‘பாடு’ என்றால் பா-வை இரண்டு தட்டுக்கு இழுக்கணும். ‘பட்டு’ என்றால் நடுவில் கை சட்டென்று நிற்கணும். மூன்றாவது வெள்ளிக்கிழமை, தட்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தி, “டீச்சர், இதுல முட்டிக்கிட்டு நிக்குது” என்றான். புள்ளி வைத்த மெய்யெழுத்தைத்தான் சொன்னான். அதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பயிற்சியிலும் கேட்டதில்லை. அன்று பட்டுக்குப் புள்ளி வைத்தான்.

ஆங்கிலம்தானே வேண்டும் என்பீர்கள். சரி. ஷிப் என்பதற்கும் ஷீப் என்பதற்கும் என்ன வித்தியாசம்? கப்பலும் ஆடும் ஒரு தட்டில்தான் பிரிகின்றன. தன் மொழியில் குறிலையும் நெடிலையும் காதால் பிரிக்கத் தெரியாத பிள்ளையிடம் ஆங்கில வாசிப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் படத்தைப் பார்த்து ஒப்பிக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த நடவுப் பாட்டு விஷயம். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் ஆளுக்கொரு பாட்டு கேட்டு எழுதி வர வேண்டும் என்பதுதான் செயல்திட்டம். கடையில் படம் வாங்கி, அப்பா ராத்திரி பத்து மணிக்கு ஒட்டிக் கொடுக்கும் சார்ட்டை நான் செயல்திட்டம் என்று சொல்வதில்லை. பிள்ளைகள் தாலாட்டு கொண்டு வந்தார்கள், கும்மி கொண்டு வந்தார்கள். ஒருத்தி மட்டும் ஒப்பாரி கொண்டு வந்து, பள்ளிக்கூடத்தில் பாடலாமா என்று கேட்டாள். பாடச் சொன்னேன். பாட்டுகளோடு வயல் வேலைச் சொற்களும் வந்தன: சேடை, பரம்பு, வாமடை, அண்டை வெட்டுவது, நாற்றுமுடி. வாய்க்காலுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் பிள்ளைகளுக்கு, வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் நுழையும் வழிக்கு வாமடை என்று பெயர் என்பது தெரியவில்லை. போய்ப் பார்த்தோம், அளந்தோம், வரைந்தோம். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம் என்று சொன்னதும், அந்தத் தண்ணீர் நம் வாமடைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று ஒருவன் கேட்டான். பதில் தெரிந்த தாத்தாவைத் தேடி அவர்களே போனார்கள். தமிழ், கணக்கு, சூழ்நிலையியல் மூன்றும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தன. எந்தப் பாடத்தின் நேரத்தை நாங்கள் திருடினோம் என்று நீங்களே சொல்லுங்கள்.

தலைமைப் பண்பு வளர வேண்டும் என்று கூட்டத்தில் ஒருவர் பேசினார். நம் பள்ளியில் வகுப்புத் தலைவன் என்ன செய்கிறான்? பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிறான். அது கங்காணி வேலை. நடவு வயலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற அம்மாவைப் பார்த்திருப்பீர்கள். எல்லோருக்கும் எட்டுகிற சுருதியில் ஆரம்பிப்பாள். பின்பாட்டு வந்து சேரும்வரை பொறுப்பாள். யார் கை பின்தங்குகிறதோ அவர்கள் பக்கம் திரும்பிப் பாடுவாள். அந்த இடத்தில் வாரம் ஒரு பிள்ளையை நிறுத்தினோம். வாசிப்பில் கடைசியாக இருக்கும் அந்த இரண்டாம் வகுப்புப் பையன் முறை வந்தபோது, ஐந்தாம் வகுப்பு அக்காக்கள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு அவன் மின்விசிறியைப் பார்ப்பது குறைந்தது.

இதற்கெல்லாம் தனி ஆசிரியர் வரட்டும் என்று காத்திருந்தால் வரமாட்டார். கல்வி உரிமைச் சட்டம் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்று சொல்வது 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கும்தான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். நம்மைப் போன்ற ஈராசிரியர் பள்ளிக்கு அந்தப் பேச்சே இல்லை. அதே சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்கிறது. வாரம் 40 நிமிடம் என்று நாற்பது வாரத்துக்குக் கூட்டினால் ஏறக்குறைய 27 மணி நேரம் வரும். மீதி 773 மணி நேரத்தில் ஆங்கிலத்துக்கு இடம் கிடைக்கவில்லையா? 2022இல் சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது வகுப்புக்குள் பாடல் களம், கதைக் களம் என்று பள்ளிக் கல்வித் துறையே இடம் பிரித்துக் கொடுத்தது. துறை உள்ளே கொண்டு வந்ததை நாம் வெளியே தள்ளுகிறோம்.

ஆண்டு விழாவுக்கு வாடகை உடையில் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறார்களே, அது போதாதா என்றும் ஒரு கேள்வி வந்தது. அதில் ஆறு பேர் ஆடுகிறார்கள், 37 பேர் தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். ஆங்கில வாசிப்புக்கு மதிய உணவுக்குப் பின் தினம் பத்து நிமிடம் ஒதுக்கலாம், இரண்டு ஆசிரியைகளும் சம்மதித்திருக்கிறார்கள். மேலத் தெருவில் தவில் வாசிக்கிறவர் மாதம் ஒரு தடவை வந்து தாளம் சொல்லித் தரத் தயார் என்கிறார். அவருக்குக் கொடுக்க வேண்டியதை என் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்துவிடுகிறேன், பள்ளி மானியத்தில் கை வைக்க வேண்டாம். உறுப்பினர்களில் நடவுக்குப் போகும் அம்மாக்கள் ஐந்து பேர் இருக்கிறீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு வந்து ஒரு பாட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். அதற்குப் பிறகும் நிறுத்தத்தான் வேண்டும் என்றால் நிறுத்துங்கள்.

செயல்திட்டம் பெரிய வகுப்புகளுக்குத்தான் என்றாலும், அந்த இரண்டாம் வகுப்புப் பையனும் தன் அப்பாயியிடம் கேட்டு ஒரு பாட்டு எழுதினான்; அதில் கடைசி இரண்டு அடி பாக்கி. அந்த அம்மாவுக்கு மறந்துபோய், கீழத் தெருவில் இருக்கும் அவர் தங்கைக்குத்தான் தெரியும் என்றாராம். இவன் கேட்டு வந்துவிட்டான். எப்போது பாடுவது என்று நேற்று ரேஷன் கடை வரிசையில் என்னைப் பிடித்துக் கேட்டான். அடுத்த கூட்டம் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு கையெழுத்துப் போட்ட,
ஓய்வு பெற்ற ஆசிரியை