றோட்டுக்கரைக் காணி பற்றி மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் பலாலி வீதிக்கரையில் நீ பார்த்து வைத்திருக்கிற காணியின் அளவுப்படத்தை வடிவாகப் பார்த்தேன். முகப்பு 45 அடி, உள்நீளம் 121 அடி, 5,445 சதுர அடி, சரியாக 2 பரப்பு. தரகர் முகப்பைப் பற்றித்தான் கதைப்பார், விலையும் முகப்புக்குத்தான் சொல்லுவார். நீங்கள் கனடாவில் இருந்து பிள்ளைகளோடு வந்து இருக்கப் போகிற வளவு என்றபடியால் எனக்கு அந்த 121 அடிதான் பெரிது. அதில் எத்தனை அடி உன்னுடையதாக மிஞ்சும், வாகனச் சத்தத்தை விட்டு எவ்வளவு தள்ளிப் படுக்கலாம், கிணற்றுக்கும் மலக்குழிக்கும் நடுவில் எவ்வளவு விடலாம் எல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது.

முதலில் வீதிக்கோட்டைச் சொல்லுறன். பெரிய வீதிக்கரைக் காணிக்கு இரண்டு கோடு உண்டு. வீதியை அகலிக்கும்போது எடுக்கக்கூடிய எல்லை வீதிக்கோடு. கட்டடக்கோடு அதற்கும் உள்ளே வரும். அதற்கு முன்னால் உள்ள நிலம் உன்னுடையதுதான், வாகனம் விடலாம், பூமரம் வைக்கலாம், ஆனால் நிரந்தரமாக ஒன்றும் கட்டக்கூடாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறவர்கள் கனபேர். ஒவ்வொரு வீதிக்கும் அளவு வேறு, அதனால் ஆட்கள் சொல்லுகிற அடிக்கணக்கை நம்பாதே. கோண்டாவில் நல்லூர்ப் பிரதேச சபைக்குள் வருகிறது. அங்கே வீதிக்கோடு, கட்டடக்கோட்டுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் யாழ்ப்பாண அலுவலகத்திலும் அந்தத் துண்டில் அகலிப்புத் திட்டம் ஏதும் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் எடுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். உதாரணத்துக்குக் கட்டடக்கோடு உன் முன் எல்லையில் இருந்து 20 அடி உள்ளே விழுகிறது என்று வை. 45 தர 20, 900 சதுர அடி. ஒரு குழி 151.25 சதுர அடி என்றபடியால் கிட்டத்தட்ட 6 குழி. 2 பரப்பில் 36 குழி. ஆறில் ஒரு பங்குக்கு முழு விலை கொடுத்து, அதில் ஒரு கல்லும் வைக்க ஏலாமல் நிற்பாய். முன்னால் ஷட்டர் கடை ஒன்று நிற்கிறது என்று சொன்னாய். அதன் கட்டட அனுமதியைக் காட்டச் சொல்லு. கோட்டுக்கு முன்னால் கட்ட விடும்போது, வீதி அகலிக்கிற நாளில் நட்டஈடு கேட்கமாட்டேன் என்று உடன்படிக்கை வாங்குகிற வழக்கம் உண்டு. அப்படி ஒன்று இருந்தால் அந்தக் கடைக்கு ஒரு சதமும் விலை சேர்க்காதே.

பழைய உறுதியையும், அதாவது காணிப் பத்திரத்தையும், கவனி. வீதிக்கரைக் காணிகளில் உறுதியில் எழுதின பரப்பும் நிலத்தில் கிடக்கிற பரப்பும் பல இடங்களில் ஒத்துவராது. வீதி அகலித்தபோது போன துண்டு பழைய உறுதியில் கழிக்கப்படாமலே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கும். 'மேற்கு: வீதி' என்று எழுதினால் போதும் என்று விட்டுவிடுவார்கள். நீ பார்க்கிற படம் எந்த ஆண்டுப் படம் என்று கேள். பதிவுபெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளப்பித்து, அந்த அளவுக்குத்தான் காசு என்று முற்பணம் கொடுக்க முதலே எழுதிக்கொள்ள வேண்டும். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்துக்கு உறுதி தேட வேண்டும். விற்கிறவர் முழு உரித்தாளியா, பங்காளியா என்பதையும் பார். பங்கு என்றால் எங்கள் யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு அதை முதலில் வாங்குகிற முன்கொள்வனவு உரிமை இருக்கிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. ஒரு சகோதரம் லண்டனில், ஒன்று ஜேர்மனியில் என்றிருந்தால் அவர்களுக்கு முறையான அறிவித்தல் போகாமல் உறுதி முடித்தால் பிறகு நீதிமன்றத்தில் நிற்க வேண்டி வரும். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால் கணவனின் எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

இனிச் சத்தமும் புழுதியும். உன் காணி வீதிக்குக் கிழக்கில் இருக்கிறது, வாசல் மேற்குப் பார்க்கிறது. பலாலி வீதி தெற்கு வடக்காகப் போகிறபடியால் வைகாசியில் இருந்து புரட்டாதி மட்டும் அடிக்கிற தென்மேற்குச் சோளகக் காற்று வீதிப் புழுதியையும் புகையையும் நேரே உங்கள் விறாந்தைக்குத்தான் தள்ளும். மழை இல்லாத காலமும் அதுதான், யன்னல் திறந்து படுக்கிற காலமும் அதுதான். பின்னேர வெயிலும் அந்த முகத்தில்தான் விழும். எதிர்ப்பக்கத்துக் காணிக்கு வடகிழக்கு வாடைக் காற்றில் அந்தத் தொல்லை வரும், ஆனால் அப்போது றோட்டு நனைந்திருக்கும், புழுதி குறைவு. இரண்டு பக்கமும் ஒரே விலை சொன்னால் நான் மேற்குப் பக்கத்தைத்தான் எடுப்பேன்.

சத்தம் தூரத்தோடு நாங்கள் நினைக்கிற வேகத்தில் குறையாது. ஓயாமல் வாகனம் ஓடுகிற வீதியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஏறத்தாழ 3 டெசிபல்தான் இறங்கும். 25 அடியில் இருந்து 50 அடிக்குப் போக 3, 100 அடிக்குப் போக இன்னொரு 3. காதுக்குப் பாதியாகத் தெரிய 10 டெசிபல் குறைய வேண்டும். இரவில் வீதிச் சத்தம் வீட்டுக்கு வெளியே 45 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. மரம் நட்டால் சத்தம் நிற்கும் என்பது வெறும் நம்பிக்கை, நிழலுக்கும் புழுதிக்கும் மரம் நல்லது, சத்தத்துக்கு இல்லை. ஆறடி மதில் கீழ்வீட்டுக்குக் கொஞ்சம் தடுக்கும், மேல்மாடிக்கு ஒன்றும் செய்யாது. உண்மையில் தடுப்பது இடைவெளி இல்லாத கட்டடம். கட்டடக்கோட்டுக்கு உள்ளே, ஒரு வாசல் வழி மட்டும் விட்டு, முகப்பை மறைத்துக் கடைவரிசை வந்தால் பின்னால் இருக்கிற வீடு நிறைய அமைதியாகும். காற்றுக்கல் வைத்த சுவர் மேற்குப் பக்கத்தில் வேண்டாம். அந்த ஓட்டைகளுக்குள்ளால் பஸ் ஹோன் அப்படியே அறைக்குள் வரும். குசினி, களஞ்சியம், படிக்கட்டு முன்னுக்கு, படுக்கையறை எல்லாம் கிழக்கே பின்னுக்கு. வாடையும் அந்தப் பக்கத்தால் சுத்தமாக வரும்.

அந்தக் காணியில் நிற்கிற பழைய வீட்டை இடிக்காமல் இருக்கலாம் என்று யோசித்தால் கேற்றுக்கு முன்னால் வீதியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். நிலம் அதிர்வது வாகனத்தின் பாரத்தால் மட்டும் இல்லை, மதகின் மூட்டு, ஒட்டுப்போட்ட பள்ளம், வேகத்தடை இவற்றில் சில்லு விழுந்தெழும்புவதால்தான் கூட. யன்னல் மூலையில் இருந்து சரிவாக ஏறுகிற வெடிப்பு இருந்தால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடும் தேதியும் போட்டு, குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டிவிடலாம். ஒரு மாதத்தில் கண்ணாடி உடைந்தால் வெடிப்பு இன்னும் நகருகிறது. உடையாவிட்டால் மாரி முடியும்வரை விட்டுப் பார்.

மட்டத்தை மறக்காதே, அதில்தான் பின்னுக்குச் செலவு வரும். வீதிக்குத் தார் போடப் போட வீதி உயரும், வளவு அப்படியே கிடக்கும். கார்த்திகை மழைக்கு வீதி வெள்ளம் எல்லாம் பள்ளமான முற்றத்துக்குத்தான் இறங்கும். மேசன்மார் பிடிக்கிற தண்ணீர்க் குழாயால் வீதி நடுவின் மட்டத்தை வீட்டு நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அரை மணித்தியால வேலை. 2 பரப்பையும் ஒரு அடி உயர்த்த 54 கியூப் மண் (ஒரு கியூப் 100 கன அடி), இறுகினால் தாழும் என்று ஐந்தில் ஒன்றைக் கூட்டினால் 65 கியூப். அந்தக் காசை இப்பவே விலையில் கழித்துக் கேள்.

கிணறு பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்காதே. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல், வெடிப்புகளுக்குள்ளால் அழுக்கு கெதியாக ஓடும். மலக்குழி கிணற்றில் இருந்து குறைந்தது 50 அடி தள்ள வேண்டும், அயல் வீட்டுக் குழிகளில் இருந்தும் கிணறு அவ்வளவு தள்ளியிருக்க வேண்டும். வாகன எண்ணெய் கழுவுகிற வீதி வெள்ளமும் கிணற்றுப் பக்கம் வரக்கூடாது. அதனால் கிணறு பின்னுக்கு, அடி இறுக்கின தொட்டி முன்னுக்கு. இறுக்கின தொட்டி நிரம்பும், அதை உறிஞ்சி எடுக்கக் கலி பவுசர் வர வேண்டும், இதில் றோட்டுக்கரைக்காரருக்கு லாபம். 121 அடியில் இதைச் செய்யலாம். ஒரு பரப்பு, 68 அடி உள்நீளம் என்று யாரும் காட்டினால் வேண்டாம் என்றே சொல்லுவேன்.

வேறு லாபங்களும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. இரவில் அம்புலன்ஸுக்கு 1990 அடித்தால் ஒழுங்கை ஒழுங்கையாக வழி சொல்லத் தேவையில்லை. வயது போனவர்கள் வாசலில் பஸ் ஏறலாம். மும்முனை மின்சாரம் எடுப்பது லேசு. கடை வாடகை வரும். ஆனால் வாடகையைத் தரகர் வாயால் கேட்காதே. இரண்டு பக்கத்துக் கடைக்காரரிடமும் ஒரு ஷட்டருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, வருடத்தில் இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கும் என்று கழித்து, சபைக்குக் கட்டுகிற சோலைவரியும் திருத்த வேலையும் கழித்து, மிச்சத்தை அதே காசை வங்கியில் நிலையான வைப்பில் போட்டால் வருகிற வட்டியோடு ஒப்பிட்டுப் பார். கடையை ஒரு மாதத்துக்கு மேல் கொடுப்பதென்றால் நொத்தாரிசு முன்னால் குத்தகை உறுதி எழுத வேண்டும். வெறும் கடதாசியில் கையெழுத்து வாங்கிக் கொடுக்காதே.

கேற்றை எல்லையில் வைக்க வேண்டாம். 18 அடி உள்ளே தள்ளி வைத்தால் கார் வீதியை மறிக்காமல் நிற்கும். உள்ளே திருப்ப இடம் விடு, பின்பக்கமாகப் பலாலி வீதிக்கு இறங்குவது பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சரிவராது. வாய்க்காலுக்கு மேல் போடுகிற கொங்கிறீட் பாலத்துக்கும் வீதிக்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதி எடுக்க வேண்டும்.

என் மனதைக் கேட்டால், இருக்கிறதுக்கு அதே வீதியில் இருந்து 150, 200 மீற்றர் உள்ளே போகிற ஒழுங்கைக் காணிதான் நல்லது. வாகனப் புகை அந்தத் தூரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும், சந்திக்கும் நடந்து போகலாம். ஆனால் ஒழுங்கைக்கும் ஒரு சோதனை உண்டு. அது சபையின் ஒழுங்கையா, தனியார் பாதையா? தனியார் என்றால் உறுதியில் வழி வாய்க்கால் உரிமை எழுதியிருக்கிறதா? அகலத்தைப் படத்தில் பார்க்காதே, மதிலுக்கு மதில் நாடா பிடித்து அள, மின்கம்பம் நிற்கிற இடத்தில் கட்டாயம் அள. 10 அடி ஒழுங்கையில் ஒரு முடக்கு இருந்தால் ரிப்பர் லொறி திரும்பாது, கல்லும் மண்ணும் சின்ன லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில்தான் இழுக்க வேண்டும், கட்டுகிற செலவு அங்கேயே ஏறிவிடும்.

இன்னொன்று. கனடாக் குடியுரிமை எடுத்த பிறகு இலங்கை இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து முடித்தாயா? 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயரில் காணி உறுதி முடிக்க ஏலாது, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. முடியவில்லை என்றால் முற்பணம் கொடுக்காதே. வேறொருவர் பெயரில் வாங்கி வைக்கலாம் என்று யாரும் சொன்னால் என்னோடு கதைக்காமல் ஓம் சொல்லாதே.

நாளைக்குக் காலை ஏழரைக்கும், பள்ளிக்கூடம் விடுகிற ஒன்றரைக்கும், இரவு பத்துக்கும் அந்தக் காணியின் பின் எல்லையில் நின்று பத்துப் பத்து நிமிடம் சத்தத்தைப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீ காதில் போட்டுக் கண்ணை மூடிக் கேள், மருமகளையும் கேட்கச் சொல்லு. விற்கிறவரின் உறுதி இலக்கத்தை மட்டும் இந்தக் கிழமைக்குள் எடுத்து அனுப்பு, மற்றது நான் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா