இறுகும் துணியின் ஈர்ப்பு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மனநல மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஆலோசனை கேட்டு வருவோரை நீ திருப்பி அனுப்புவதில்லை என்று அறிந்து மகிழ்ந்தேன். உடலோடு ஒட்டும் லைக்ரா ஆடைகளின்மீது தமக்குள்ள பாலீர்ப்பை நோயென்று அஞ்சி வந்த நடுவயதுக்காரரைப் பற்றி எழுதி, அந்தத் துணியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். திருப்பூரில் பின்னலாடைத் தொழிலிலேயே காலம் கழித்தவன் என்பதால் துணியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

1958இல் அமெரிக்காவின் டியூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலர் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய இழை அது. பெண்களின் இடுப்பை இறுக்கும் உள்ளாடைகளில் ரப்பருக்கு மாற்றாகவே அதைத் தேடினார்கள். ஆகவே உடலை அழுத்துவது அது பிறந்த காரணத்திலேயே இருக்கிறது. மூலக்கூறில் நெகிழும் பகுதிகளும் விறைத்த பகுதிகளும் மாறி மாறி அமைந்திருப்பதால், ஐந்து மடங்கு இழுத்தாலும் விட்டவுடன் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். பருத்தி நூலோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்த்துப் பின்னினாலே துணியின் குணம் மாறிவிடுகிறது. மற்றத் துணிகள் உடலின்மேல் கிடக்கின்றன. இதுவோ ஒவ்வோர் அசைவுக்கும் எதிர்விசை கொடுத்து, அணிந்தவருக்குத் தம் உடலின் எல்லையை ஓயாமல் உணர்த்திக்கொண்டிருக்கிறது. பளபளப்பும் வடிவும் கண்ணுக்கு உரியவை என்றாலும், ஈர்ப்பின் பெரும்பகுதி இந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஜப்பானில் முகம் உட்பட உடல் முழுவதையும் மூடும் ஜென்தாய் உடையை விரும்புவோரில், காம நாட்டத்தால் அணிபவர்களும் உண்டு. தம் அடையாளம் மறைந்துபோகும் விடுதலைக்காகவே அணிபவர்களும் உண்டு.

சிறுவயதில் தற்செயலாக நேர்ந்த ஓர் இணைப்பே பிற்கால மோகமாக வளர்கிறது என்று 1887இல் பிரெஞ்சு உளவியலர் ஆல்ஃபிரட் பினே எழுதியதை நீதான் எனக்குச் சொன்னாய். ஒருவருக்கு ஏன் வந்தது என்பதற்கு அது விடையாகலாம். சில துணிகள்மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதற்கு அது போதாது. (கதர் வேட்டிமீது இப்படி மோகம் கொண்டவரை நான் கேள்விப்பட்டதே இல்லை.) லைக்ராவுக்கு முன்பு அந்த இடத்தில் பட்டும் வெல்வெட்டும் இருந்தன. பாரிஸ் மனநல மருத்துவர் கிளெராம்போ 1908இல் பட்டுத் துணி திருடிப் பிடிபட்ட பெண்களைப் பற்றி எழுதினார். அவர்கள் நாடியது பட்டின் அழகையோ விலையையோ அல்ல, தோலில் படும் அதன் தொடுகையையே.

நோயா என்ற கேள்விக்கு உங்கள் துறையே விடை சொல்லிவிட்டது அல்லவா? 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இந்த மோகம் தனி நோயாக இல்லை. தமக்கு வேதனையோ பிறருக்குத் தீங்கோ நேரும்போதுதான் மருத்துவரின் கவனம் தேவைப்படுகிறது. உன்னிடம் வந்தவருடைய வேதனை துணியால் வந்ததா, அதை ஒளித்து வைப்பதால் வந்ததா என்று கேட்டுப் பார். மனைவியிடம் சொல்லியிருக்கிறாரா என்பதை நீ எழுதவில்லை. நம் ஊர் வெயிலில் நைலான் கலந்ததை நெடுநேரம் அணிந்தால் வேர்க்குரு வரும் என்பதையும், பருத்தி கலந்த லைக்ராவே நல்லது என்பதையும் நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
ராமசாமி