ஆளுக்கொரு விலை: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில் ஓலா, ஊபர் நிறுவனங்களுக்கு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஒரே பயணத்துக்கு ஐபோனில் ஒரு கட்டணமும் ஆண்ட்ராய்டில் வேறு கட்டணமும் காட்டப்படுவதாக எழுந்த புகார்களே காரணம். போனைப் பார்த்து விலை வைப்பதில்லை என்று இரண்டு நிறுவனங்களும் மறுத்தன. மறுப்பு உண்மையாகவே இருக்கலாம். அதைச் சரிபார்க்கப் பயணியிடம் என்ன இருக்கிறது? இரண்டு போன்களை அருகருகே வைத்து எடுத்த படம். அதற்குள் வண்டிகள் இடம் மாறிவிட்டன என்று நிறுவனம் சொன்னால் பேச்சு முடிந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் 4ஆம் விதி, ஒரே வகை நுகர்வோரிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆனால் பாகுபாட்டுக்கு ஆளானவருக்கே அது தெரியாதபோது யார் புகார் கொடுப்பது? ஆளைப் பார்த்து விலை சொல்லும் வியாபாரி சந்தைக்குப் புதிதல்ல. ஆனால் பக்கத்தில் நிற்பவரிடம் அவர் சொன்ன விலை நம் காதில் விழும். அடுத்த கடைக்கு நடந்துவிடலாம். செயலியில் அவரவர் விலை அவரவருக்கு மட்டும்தான் தெரியும்.

2025 ஜூலையில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள், நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வரை வாங்க வாடகை வண்டிச் செயலிகளை அனுமதிக்கின்றன. மழை நேரத்தில் எல்லோருக்கும் கட்டணம் ஏறினால் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுவேன். அந்த உச்சவரம்புக்குள்ளேயே எனக்கொன்று, பக்கத்து வீட்டுக்காரருக்கொன்று என்று பிரித்தால்தான் வழக்கு.

இது வெறும் சந்தேகம் என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ரிவ்யூ என்ற பயிற்சி நிறுவனம், இணைய வகுப்புக்கான கட்டணத்தை அஞ்சல் குறியீட்டுக்கு ஏற்ப மாற்றியதை 2015இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. கூடுதல் கட்டணம் காட்டப்படும் வாய்ப்பு ஆசியர்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. யாரும் இனத்தைக் கேட்கவில்லை. முகவரியே போதுமானதாக இருந்தது. நம் ஊர்களில் யார் எந்தத் தெருவில் வசிப்பது என்பதைச் சாதியும் மதமும் எவ்வளவு தீர்மானிக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்கோடை மட்டும் பார்த்து விலையைக் கணக்கிடும் அல்காரிதம் என்ற கணினி நிரலுக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்படாது.

நியூயார்க் மாநிலம் 2025இல் ஒரு சட்டம் இயற்றியது. வாடிக்கையாளரின் தனிப்பட்ட தரவைக் கொண்டு அல்காரிதம் விலை வைத்தால், அதை விலைக்கு அருகிலேயே அறிவிக்க வேண்டும். மீறல் ஒவ்வொன்றுக்கும் 1,000 டாலர் வரை அபராதம். சில்லறை வணிகர்களின் கூட்டமைப்பு நீதிமன்றம் போயும் சட்டம் நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எந்தத் தரவு, எவ்வளவு ரூபாயை ஏற்றியது என்று சொல்லும் கட்டாயம் அதில் இல்லை என்பது பெரிய குறை.

இங்கும் அப்படி ஓர் அறிவிப்பு விதி வேண்டும், ஆனால் அது அந்தக் குறையோடு வர வேண்டாம். அதே நேரத்தில் அதே சேவைக்கு மற்றவர்களிடம் காட்டிய குறைந்த விலையையும் அதிக விலையையும் வாங்குபவர் பார்க்கும்படி செய்யுங்கள். விலைக் கணக்கின் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்து, ஆணையம் கேட்டதும் தர வேண்டும். புகார் எழுந்தால், பாகுபாடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையதாக இருக்கட்டும். வணிக ரகசியம் என்பார்கள். சூத்திரத்தைப் பொதுவெளியில் வைக்க வேண்டாம், ஆணையத்தின் நிபுணர்களிடம் காட்டட்டும்.

அறிவிப்பு, விலையை எழுதிய அதே அளவு எழுத்தில், வாங்குபவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். யாரும் படிக்காத விதிமுறைப் பக்கத்துக்குள் அதை ஒளித்துவைக்க இடம் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு நுகர்வோர்