மூச்சுப்பாதைப் பயிற்சி ஆய்வுக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இதயத்துடிப்பு திடீரென நின்றவர்களுக்கு மூச்சுப்பாதையைத் திறந்துவிடும் அவசரப் பயிற்சியையும், பிழைத்தவர்கள் அதன்பின் தேறிவரும் விதத்தையும் பற்றிய என் ஆய்வு நிறைவடைந்திருக்கிறது. துணைநின்ற ஒவ்வொருவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் பணியாளர்களே, இரவுப்பணி முடிந்த கையோடு வந்து, பயிற்சிப் பொம்மையின் தலைமாட்டில் மண்டியிட்டு, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை இடக்கையில் ஏந்தி, மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் டியூப் குரல்நாண்களைத் தாண்டும்வரை மார்பழுத்தம் நின்றுபோகும் நொடிகளை நான் அளக்க அனுமதித்தீர்கள். தடுமாறிய முயற்சிகளையும் மறைக்காமல் பதிவுசெய்ய விட்டீர்கள். அந்தப் பதிவுகள்தாம் எனக்கு மிகுதியும் கற்றுத்தந்தன.

நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையைப் பதற்றத்தில் வேகவேகமாக அழுத்திய என் கைமேல் தம் கையை வைத்து, ஆறு நொடிக்கு ஒருமுறை என எண்ணவைத்த மூத்த பயிற்றுநருக்கு என் வணக்கம். அளவுக்கு மீறிக் காற்றைச் செலுத்தினால் மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும் என்பதை என் விரல்கள் அன்றுதான் அறிந்தன.

இங்கிலாந்தில் 9,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளியான ஏர்வேஸ்-2 ஆய்வில், டியூப் செலுத்தியவர்களுக்கும் குரல்வளைக்கு மேலே பொருத்தும் கருவி இட்டவர்களுக்கும் தேறுதலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எந்தக் கருவி சிறந்தது என்றே கேட்டுக்கொண்டிருந்த என்னை, 'தேறுதல் என்று எதைச் சொல்கிறாய்?' என்று கேட்டுத் திருப்பிவிட்டவர் என் நெறியாளர்.

அந்தக் கேள்விக்கு விடை தந்தவர்கள் பிழைத்தவர்களும் அவர்தம் குடும்பத்தாருமே. கணவர் ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்கிறார் என்று நாள்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுவைத்திருந்தார் ஓர் அம்மா. அன்றாடச் செயல்பாட்டில் உள்ள குறைபாட்டை 0 (குறையில்லை) முதல் 6 (இறப்பு) வரை மதிப்பிடும் ராங்கின் அளவுகோலில் 3 வரை பெற்றவர்களை 'நன்கு தேறியவர்' என்று ஏர்வேஸ்-2 வகைப்படுத்தியது. அந்த அம்மாவின் கணவருடைய மதிப்பெண் 2. அந்த எண்ணுக்குள் அடங்காத மறதியையும், மாலைக்குள் ஆளைச் சாய்த்துவிடும் அசதியையும் அம்மா, உங்கள் கோடுகள்தாம் எனக்குக் காட்டின. ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுவதும் அவற்றிலிருந்து எழுந்ததே.

பொம்மைகளைப் பழுதுபார்த்துத் தந்த ஆய்வகப் பணியாளருக்கும், கணக்கீட்டில் உதவிய புள்ளியியலாளருக்கும், அறநெறிக் குழுவினருக்கும் நன்றி.

உறவை இழந்த துயரத்திலும் சிகிச்சைப் பதிவுகளைப் பார்க்க ஒப்புதல் அளித்த குடும்பங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. விரும்புவோர் தெரிவித்தால், ஆய்வேட்டின் படியை நானே நேரில் கொண்டுவந்து தந்து, உங்கள் கேள்விகளுக்கு உடனிருந்து விடையளிப்பேன்.

நன்றியுடன்,
ஆய்வாளர்